எனக்குச் சுகர் இல்லை

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இதை எழுத்தில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சித்தூரில் எங்கள் தெரு முழுக்க, நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை முழுக்க, என் வீட்டுக்காரரின் சொந்தபந்தத்தில் பாதிப் பேர், எனக்குச் சுகர் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பவைத்தவள் நான்தான். ஆனால் அந்தப் பொய்யை என் வாயில் ஊட்டிவிட்டது அவர்கள்.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒரு நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்குப் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் முதலில் ஷூவைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஷுகர் ஒச்சிந்தாம்மா?" என்றாள். சுகர் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறாளாம். குரலில் நிஜமான பரிவு இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று வரும், கடைசியில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். "ஆமா" என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் செய்தி தெருக்கோடிவரை போய்விட்டது. பால்காரர் தூக்குவாளியை வைத்தபடியே, காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்.

எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்கக் கூடாது. காய் வாங்க நடக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட நடக்கலாம். வேண்டிக்கொண்டால் திருமலைக்கு அத்தனை படியும் ஏறலாம், ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் கும்பிடு போடுவார்கள். ஆனால் கையில் பை இல்லாமல், போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல், கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று அரைமணி நேரம் போய்விட்டுத் திரும்பி வந்தால் அதற்கு ஒரு வியாதி வேண்டும். சாமிக்காகக் கால் வலிக்கலாம். எனக்காக வலித்தால் சந்தேகம் வந்துவிடும்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் தினமும் இருபது முப்பது பேர் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். இரண்டு சுற்று நடை, நான்கு சுற்று அரசியல், முடிந்ததும் வாசலில் நின்று ஆளுக்கு இரண்டு போண்டா. அவர்களில் ஒருவரையும் யாரும் நிறுத்தி என்ன வியாதி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. உடம்பைப் பேணுகிறவர்கள் என்று பெருமையாகப் பேசுவார்கள். அந்த மைதானத்தில் நான் ஒரே ஒரு நாள்தான் நடந்தேன். எனக்கு அடிப்பாதம் பதிய நடக்கத் தெரியவில்லை என்று அறிவுரை சொல்ல மூன்று பேர் கூடவே வந்தார்கள். மறுநாளிலிருந்து மாம்பழக் கூழ் ஃபேக்டரி இருக்கிற ரோட்டுப் பக்கம் போக ஆரம்பித்தேன்.

நான் ஏன் நடந்தேன் என்பதற்கு என் அம்மாவிடம் போக வேண்டும்.

பாலசமுத்திரத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கரும்பு, வேர்க்கடலை, ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு மாமரம். நைனா பேச்சில் கெட்டிக்காரர், வேலையில் அம்மா. விடிவதற்கு முன் வரப்பில் இறங்கினால் தண்ணீர் திருப்பி, மாட்டைக் கட்டி, கடலைக் கொல்லையைச் சுற்றி வந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் உட்காருவாள். அவள் காலையில் எழுந்ததிலிருந்து எத்தனை தூரம் நடந்தாள் என்று அளக்க அன்றைக்குக் கைக்கடிகாரம் எதுவும் வரவில்லை. அளந்திருந்தால் அந்த மைதானத்து ஆட்கள் போண்டாவைக் கீழே போட்டிருப்பார்கள்.

நைனா போன பிறகு அண்ணன் அவளைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது மாடி, லிஃப்ட், நல்ல காற்றோட்டம். அண்ணன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவன் அம்மாவுக்குச் செய்த மரியாதை ஒன்றே ஒன்று, உட்காரவைத்தது. துணி மடிக்கப் போனால் "நீ உக்காரும்மா." காய் நறுக்கப் போனால் "வயசான காலத்துல உனக்கு இன்னாத்துக்கு இது, உக்காரு." கீழே இறங்கித் தெருவில் நடந்தால், பெற்றவளை நடக்கவிட்டு மகன் காரில் போகிறான் என்று அடுக்குமாடிக்காரர்கள் பேசுவார்களாம். அறுபத்தேழு வயதுவரை நிற்காத பெண்பிள்ளையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே டிவியைப் போட்டுவிட்டார்கள். வந்த உறவெல்லாம் அவன் அம்மாவை ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனது.

மூன்று நான்கு வருஷத்தில் ஆரம்பித்தது. முதலில் அவளுடைய தெலுங்கு போயிற்று. கடலை மண்டியில் தெலுங்கில் பேசியே எதிராளியை மடக்குகிறவள், வேலைக்கு வருகிற பெண் கேட்கிற தெலுங்கு புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் அவளுக்குத் திமிர் என்று நினைத்தாள். பிறகு சாப்பிட்டதை மறந்து சாப்பாடு கேட்டாள். பிறகு கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள்.

தெலுங்கில் மதிமருப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தமிழர்களும் அதையே எடுத்துப் புழங்குகிறோம். சாவியை வைத்த இடம் மறந்தாலும் மதிமருப்பு, பெற்ற பிள்ளையின் முகம் மறந்தாலும் மதிமருப்பு. ஒரே சொல் இரண்டுக்கும் போதுமென்று வைத்துக்கொண்டதில் எங்களுக்கு இரண்டு வருஷம் போனது. "வயசானா மதிமருப்பு வரத்தான் செய்யும்" என்று அண்ணி சொன்னாள், அண்ணன் சொன்னான், ஃபோனில் நானும் சொல்லியிருக்கிறேன். தமிழ் வாத்தியாரம்மா நான், சொல்லுக்குச் சொல் வித்தியாசம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். என் அம்மா விஷயத்தில் எனக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் லிஃப்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறித் திருச்சானூர் போய்விட்டாள். கோயில் குளத்தருகே பூ விற்கிறவள் ஒருத்தி அவளை நிழலில் உட்காரவைத்து, இடுப்பில் செருகியிருந்த காகிதத்தில் இருந்த அண்ணன் நம்பருக்குப் பேசினாள். அம்மா பாலசமுத்திரத்துக்குப் பஸ் தேடிக்கொண்டிருந்தாளாம். அன்று சாயங்காலமே வாசல் கம்பிக் கதவுக்குப் பூட்டு வந்தது. அதற்குப் பிறகு எட்டு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வெளியே கால் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். சமையலறையிலிருந்து கம்பிக் கதவுவரை, கம்பிக் கதவிலிருந்து சமையலறைவரை, நடந்துகொண்டேயிருப்பாள். ஒரு நாள் என்னை யாரென்று தெரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவைத் தொறம்மா, தண்ணி திருப்பணும், மோட்டார் ஓடிக்கினு கீது" என்றாள். சாவி டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. என்னோடு கைகோத்துக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றிவந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. அண்ணி கோபித்துக்கொள்வாள் என்று நான் திறக்கவில்லை. அந்தப் பூட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது.

அவள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுத்தபடியே மார்ச்சளி கட்டிப் போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், இலையில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே, தினமும் வாக்கிங் போனால் இந்த வியாதி கிட்டவே வராது என்று ஃபோனில் வந்ததைச் சொன்னார். "பாவம், இவங்க வாக்கிங் போயிருந்தா நல்லா இருந்திருப்பாங்க" என்றார். நான் சாம்பார் வாளியோடு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஊற்றவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் தலையில் ஊற்றுவதைப் பற்றித்தான் யோசித்தேன்.

அந்த ஆத்திரம்தான் என்னை டாக்டரிடம் கொண்டுபோனது. வீட்டில் சொல்லாமல், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, தனியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். எனக்கும் வருமா என்று நேராகக் கேட்டேன். பெற்றவர்களுக்கு இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அது தலையில் எழுதிய எழுத்து இல்லை என்றார். நடந்தால் வராதா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னிடம் பொய் சொல்லவில்லை, அதற்காக அவருக்கு எப்போதும் நன்றியோடு இருப்பேன்.

"வராதுன்னு யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. நடந்தவங்களுக்கும் வந்திருக்கு. ஆனா நடக்கிறவங்களுக்கு வர்ற ஆபத்து கம்மி. வந்தாலும் தள்ளி வரலாம். அந்தத் தள்ளிப்போற வருஷம் உங்களுது இல்லையா?"

வாரத்தில் ஐந்து நாளாவது, அரைமணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்கச் சொன்னார். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க, நன்றாகத் தூங்க, காது மந்தமானால் அலட்சியம் செய்யாமல் இருக்க, நாலு பேரோடு பழகச் சொன்னார். வயல் வேலை செய்த அம்மாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றும், பழியை அம்மாவின் கால்மேல் போட வேண்டாம் என்றும் சொன்னார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அழுதேன். சித்தூரில் இறங்கி நேராகப் போய் ஷூ வாங்கினேன்.

வீட்டுக்காரரிடம் அன்று ராச்சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். நடப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்பதில்தான். "எங்கம்மாவுக்கு வந்தது எனக்கு வரக் கூடாதுன்னு நடக்கிறேன்னு சொல்லுவேன்" என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வாயை மூடு. நமக்குக் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு கீறா" என்றார். மறுநாள் நான் பக்கத்து வீட்டம்மாளிடம் சுகர் என்று தலையாட்டிய கதையைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். "அப்பிடியே சொல்லிக்கினு போ. சுகர்னா ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார்.

உண்மைதான், சுகர் எங்கள் ஊரில் கௌரவமான வியாதி. அதற்குச் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். என் வியாதி வந்த நாளிலிருந்து எனக்குப் புதுச் சிநேகிதங்கள் கிடைத்தன. பக்கத்து வீட்டம்மாள் வெந்தயத்தை வறுத்துப் பொடித்து ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தாள். எதிர் வீட்டில் பாகற்காய்ச் சாறு வரும். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு எல்லோருக்கும் லட்டு, எனக்கு மட்டும் இரண்டு பிஸ்கட். விநாயக சவிதிக்குப் பூரணக் கொழுக்கட்டையை என் கண்முன்னாலேயே என்னைத் தாண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பூரணம் என்றால் உயிர். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தின்ன வேண்டியிருந்தது. இல்லாத வியாதிக்குப் பத்தியம் இருந்த ஒரே பைத்தியக்காரி சித்தூர் ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் நடந்தேன். அதை யாரும் பிடுங்க முடியவில்லை. மாம்பழப் பருவத்தில் அந்த ரோடு முழுக்கத் தோத்தாபுரிப் பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஃபேக்டரி வாசலிலிருந்து வரிசையாக நிற்கும். இரண்டு நாள் மூன்று நாள் காத்திருக்கிற விவசாயிகள் டிராக்டருக்கு அடியிலேயே படுத்திருப்பார்கள். பழுத்து வெடித்த பழத்தின் புளிப்பு வாசனை மூக்கைத் துளைக்கும். முதல் மாதம் மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது. நாலாம் மாதம் அந்த வரிசையின் கடைசி டிராக்டர்வரை ஒரே வீச்சில் போனேன். பேச முடிந்தது, பாட முடியவில்லை. டாக்டர் சொன்ன வேகம்தான். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாட வேளையில் வருகிற அசதி போய்விட்டது. இது என் மூளைக்குள் என்ன செய்கிறதென்று எனக்குத் தெரியாது. என் காலுக்குள் என்ன செய்தது என்று தெரியும்.

போன தை மாதம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பையன் பெங்களூரில் வேலை. ஜாதகம் முதலிலேயே பார்த்தாகிவிட்டது, பத்துக்கு எட்டுப் பொருத்தம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் பார்ப்பதைத் திருச்சானூர் கோயிலில் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் இரண்டு பேருக்கும் சங்கடம், கோயிலில் என்றால் தரிசனத்துக்கு வந்ததாகப் பேர் பண்ணிக்கொள்ளலாம். தரிசனம் முடித்து, கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் எடுத்திருந்த அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். பையனும் மகளும் பால்கனியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பையனின் அம்மா எல்லோருக்கும் சக்கரைப் பொங்கல் பிரசாதத்தைத் தொன்னையில் கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "டீச்சரம்மாவுக்கு ஷுகராமே? தரகர் சொன்னாரு. பரவால்ல, எங்க வூட்டுலயும் எல்லாருக்கும் கீது" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிறகு அந்தம்மாள் சாதாரணமாக, பேச்சோடு பேச்சாக, என் அம்மா எதில் போனார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஹார்ட் அட்டாக். தூக்கத்துலயே, ஒரு கஷ்டமும் இல்லாம போயிட்டாங்க."

ஒரு கஷ்டமும் இல்லாமல். அவள் திருச்சானூரில் பஸ் தேடி அலைந்த இடம் அந்த லாட்ஜிலிருந்து கூப்பிடு தூரம். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற எட்டு வருஷத்தை அவர் ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டார். அவள் செத்த பிறகும் அவளை வெளியே விடாமல் பூட்டுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம்.

"எங்கம்மா ஹார்ட்ல போவல" என்றேன். "அல்சைமர். மறதி நோய். எட்டு வருஷத்துக்கு மேல இருந்துச்சு, என்னையே அவங்களுக்கு அடையாளம் தெரியல. எனக்குச் சுகரும் இல்லைங்க. அந்த நோய் எனக்கு வரக் கூடாதுன்னுதான் தெனமும் நடக்கிறேன். வராதுன்னு நிச்சயம் கிடையாது. ஆனா நடக்கிறேன்."

சொல்லிவிட்டு அந்தம்மாள் கையிலிருந்த தொன்னையை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு முந்திரியைக்கூட மீதம் வைக்கவில்லை. அந்தம்மாள் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. மகளை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார், அவ்வளவுதான். பத்து நிமிஷம் முன்னால் பார்த்தபோது நகையைப் பார்த்த கண், இப்போது வேறு எதையோ தேடியது.

பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். நான்கு நாள் கழித்துத் தரகர் ஃபோன் செய்தார், ஜாதகம் சரியாக இல்லையாம். பத்துக்கு எட்டு இருந்த ஜாதகம் திருச்சானூரிலிருந்து புத்தூர் போவதற்குள் எப்படிக் கெட்டுப்போனது என்று நான் கேட்டேன். அவர் லைனைத் துண்டித்துவிட்டார். மகள் என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னது தப்பில்லம்மா. ஆனா அந்தப் பையனை எனக்குப் புடிச்சிருந்துது" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இன்னொரு தடவை என்றாலும் அதையேதான் சொல்வேன் என்று அவளிடம் சொன்னேன். எனக்குத் தெரியும்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் பொய் உடைந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பாகற்காய்ச் சாறு நின்றது. அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மறக்கிற உரிமை போய்விட்டது.

ஊரில் எல்லோரும் எதையாவது மறக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு முறை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார், எல்லோரும் சிரிப்போம். நான் பாலில் உறை ஊற்ற மறந்தால் யாரும் சிரிப்பதில்லை. பேச்சில் ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டால் எதிரே இருப்பவர் கண்ணில் ஒரு விளக்கு எரியும். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட மதிப்பெண் பட்டியலைத் தலைமையாசிரியர் இரண்டாம் முறை சரிபார்க்கிறார், மற்றவர்களுடையதைப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டம்மாள் காலையில் கோலத்திலிருந்து நிமிர்ந்து, "நன்னு குர்து பட்டாவா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். தன்னை அடையாளம் தெரிகிறதா என்று விளையாட்டாகக் கேட்கிறாளாம். இரண்டு வருஷம் வெந்தயப் பொடி கொடுத்த கை. எந்த மூஞ்சியை மறந்தாலும் உன் மூஞ்சியை மறக்க முடியாது தாயே என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

இந்த வருஷமும் மாம்பழப் பருவம் வந்தது. ஒரு நாள் காலை டிராக்டர் வரிசை வழக்கத்தைவிட நீண்டு, வழி அடைபட்டு, நான் ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். இருபது நிமிஷம் கூடுதலாகிவிட்டது. உடம்பு நன்றாக இருந்தது, கால் தானாகப் போனது, மனசுகூட அன்றைக்கு லேசாக இருந்தது. பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. என் வீட்டுக்காரர். லுங்கியோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்க போய்க்கினு கீற?" என்றார். வண்டியை என் பக்கத்தில் உருட்டிக்கொண்டே குரலை இறக்கினார். குழந்தையிடம் பேசுகிற குரல். "வூட்டுக்கு வழி தெரியுதா? ஏறு, போவலாம்."

திருமணமாகி முப்பது வருஷத்தில் அவரிடம் எத்தனையோ கோபப்பட்டிருக்கிறேன், இப்படி ஒரு நாளும் பட்டதில்லை. அவர் பயந்துதான் வந்தார், அது எனக்குத் தெரியும். அண்ணனும் பயந்துதான் பூட்டு வாங்கினான்.

"எனக்கு வழி தெரியும். நீங்க போங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. நான் இரண்டாம் முறை சொன்னேன், டிராக்டர்க்காரர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் வேகத்தைக் குறைக்காமல் நடந்தேன். மூச்சு சீராக இருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனை வந்தது, கோழிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில், இருபத்தாறு வருஷமாக நான் திரும்புகிற முனை. இடது கைப் பக்கம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அங்கே நின்றேன். நின்று, இடதுதானே என்று ஒருமுறை எனக்குள்ளே கேட்டுப் பார்த்துக்கொண்டுதான் திரும்பினேன். அந்தக் கேள்வியை எனக்குள் போட்டுவிட்டுப் போனதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.